கடற்கொள்ளையர் இரண்டாம் பாகம்: சேலத்துத் திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு சின்ன மண்டபத்தில் படம் போட்டுப் பேசுகிறோம். ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. இதுவரை போட்டதில் அதிகமாகப் பேச்சைக் கிளப்பியது 2006இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்: டெட் மேன்ஸ் செஸ்ட்'. அந்த வரிசையில் இரண்டாவது படம். தட்டுவடை செட் சாப்பிடும்போது ஆரம்பிக்கிற விவாதம் மறுநாள் வரை வாட்ஸ்அப்பில் ஓடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் பாகம் பார்க்காமல் நேராக இதைப் பார்க்கலாமா?

வேண்டாம். ஜாக் ஸ்பாரோ யார், வில் டர்னரும் எலிசபெத்தும் எப்படிச் சேர்ந்தார்கள், கடற்படை அதிகாரி நாரிங்டன் எதை இழந்தான் என்பதெல்லாம் 2003இல் வந்த முதல் பாகத்தில் இருக்கிறது. இரண்டாம் பாகம் அதை ஞாபகப்படுத்த நிற்பதில்லை. முதல் படத்தில் சீருடை கலையாமல் விறைப்பாக நின்ற நாரிங்டன், இதில் டோர்டுகா துறைமுகத்தில் குடித்துவிட்டுப் பன்றிகளுக்கு நடுவே சேற்றில் கிடக்கிறான். முன்கதை தெரியாதவருக்கு அவன் வெறும் குடிகாரன். தெரிந்தவருக்கு அந்தக் காட்சி வலிக்கும்.

கதை குழப்பமாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வில்லுக்கும் எலிசபெத்துக்கும் கல்யாண நாள். மழை கொட்டுகிறது, மாப்பிள்ளையைக் கைவிலங்கோடு கூட்டி வருகிறார்கள். போன படத்தில் ஜாக்கைத் தப்பவிட்ட குற்றத்துக்கு இருவருக்கும் தூக்கு என்கிறான் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெக்கெட். ஜாக்கின் திசைகாட்டியைக் கொண்டுவந்தால் விடுதலை என்று வில்லிடம் பேரம் பேசுகிறான்.

ஜாக்குக்கு வேறு கடன். கடலில் மூழ்கிய அவனுடைய 'பிளாக் பேர்ல்' கப்பலை மேலே கொண்டுவந்து கொடுத்தவன் டேவி ஜோன்ஸ். 13 ஆண்டு ஜாக் கேப்டனாக இருக்கலாம், அதன்பிறகு 100 ஆண்டு ஜோன்ஸின் 'ஃபிளையிங் டச்மேன்' கப்பலில் ஊழியம் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். தவணை முடிந்துவிட்டது. வராவிட்டால் கிராக்கன் என்ற கடல் மிருகத்தை ஏவுவான்.

காதலித்த வேதனை தாங்காமல் தன் இதயத்தையே அறுத்து ஒரு பெட்டியில் பூட்டிப் புதைத்தவன் இந்த ஜோன்ஸ். பெட்டி கையில் இருந்தால் ஜோன்ஸ் கையில், ஜோன்ஸ் கையில் இருந்தால் கடலே கையில். ஆளாளுக்கு அந்தப் பெட்டியைத் தேடி ஓடுகிறார்கள். கதை அவ்வளவுதான். இந்த அடித்தளத்துக்கு மேல் கட்டிய மாடிகள் அதிகம் என்பதால்தான் குழம்புகிறது.

முதல் பாகத்தைவிட இது நல்ல படமா, மோசமான படமா?

கதையாகப் பார்த்தால் முதல் பாகம் மேல். காட்சிகளாகப் பார்த்தால் இரண்டாம் பாகத்தின் உச்சங்களை முதல் பாகம் தொடவில்லை.

என் கணக்கில் சாகசப் படத்துக்கு ஒரே அளவுகோல்தான். திரையில் நிற்கிறவனுக்கு இந்த நிமிஷம் என்ன வேண்டும், அது ஏன் வேண்டும் என்று நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் வாளை உருவினாலும் கயிற்றில் தொங்கினாலும் நாமும் கூடவே தொங்குவோம். தெரியாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் சத்தம்தான் மிஞ்சும். முதல் பாகத்தில் அந்தத் தெளிவு கடைசி வரை இருந்தது. ஜாக்குக்குக் கப்பல் வேண்டும், வில்லுக்கு எலிசபெத் வேண்டும், சபிக்கப்பட்ட கொள்ளையருக்குச் சாபம் நீங்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அந்தத் தெளிவு வந்து வந்து போகிறது. வரும்போது படம் பறக்கிறது, போகும்போது தவிக்கிறது.

இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி, எழுத்தாளர்கள் டெட் எலியட், டெரி ரோசியோ, தயாரிப்பாளர் ஜெரி புரூக்ஹைமர் என்று முதல் படத்தின் ஆட்களேதான் இதையும் செய்தார்கள். திறமை குறையவில்லை. அளவு கூடியதுதான் சிக்கல். 22 கோடி டாலருக்கு மேல் செலவு, இரண்டரை மணி நேர நீளம், கூடவே மூன்றாம் பாகத்துக்கும் சேர்த்துப் படப்பிடிப்பு. உலக வசூல் 106 கோடி டாலர். 100 கோடி டாலரைத் தாண்டிய மூன்றாவது படம் அது. அந்த வெற்றியை வைத்துப் படத்தின் குறைகளை மன்னிக்க நான் தயாரில்லை.

அந்தச் சக்கரச் சண்டையை ஏன் எல்லோரும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மேலே சொன்ன அளவுகோல் முழுசாக நிறைவேறுகிற இடம் அதுதான்.

தீவின் கரையில் பெட்டியைத் தோண்டி எடுத்தாயிற்று. சாவி கிடைத்தாயிற்று. வில், ஜாக், நாரிங்டன் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், வாள் வெளியே வருகிறது. ஜோன்ஸின் கப்பலில் அடிமையாகக் கிடக்கிற அப்பாவை மீட்க அந்த இதயத்தைக் குத்த வேண்டும் என்கிறான் வில். குத்திவிட்டால் கிராக்கனை அடக்க ஆளில்லை, எனவே குத்தக் கூடாது என்கிறான் ஜாக். அதை பெக்கெட்டிடம் கொடுத்து இழந்த மானத்தை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் நாரிங்டன். மூன்று காரணங்களும் நியாயம். யார் ஜெயித்தாலும் மற்ற இருவரின் வாழ்க்கை கெடும். சண்டை தொடங்குவதற்கு முன்பே நம் மனசு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது.

அப்புறம் இடம். கடற்கரையிலிருந்து பாழடைந்த தேவாலயத்துக்கு, மணிக்கூண்டுக்கு, கூரைக்கு, பழைய ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு என்று சண்டை நகர்கிறது. ஒவ்வொரு இடத்திலும் தரை மாறுகிறது, நிற்கிற விதம் மாறுகிறது. சக்கரம் அச்சிலிருந்து கழன்று காட்டுக்குள் உருளத் தொடங்கியதும் மேலே இருவர், உள்ளே ஒருவன். மேலே இருப்பவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழுவான். உள்ளே இருப்பவன் சக்கரத்தோடு சுற்றி மேலே போய்விடுவான். இந்த விதியை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சில நொடிகளில் நமக்குப் புரியவைத்துவிடுகிறார்கள். சக்கரமும் உண்மையில் செய்யப்பட்டது. அதன் பாரம் திரையில் தெரிகிறது.

இத்தனைக்கும் நடுவே சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது வாள்களை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் பின்தொடருங்கள். எங்கேயும் தொலையாது. இவ்வளவு ஓட்டத்திலும் பார்வையாளருக்கு வழி தவறவிடாமல் படம்பிடிப்பது லேசான காரியம் இல்லை.

இன்னொன்று, எலிசபெத். மூன்று ஆண்களும் சண்டையை நிறுத்துவார்கள் என்று வெயிலில் மயங்கி விழுகிற மாதிரி நடிக்கிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்தில் பெண்கள் பக்கம் இந்த இடத்தில் எழும் சிரிப்புக்குத் தனிச் சூடு இருக்கிறது.

டேவி ஜோன்ஸ் முகம் மேக்கப்பா, கிராஃபிக்ஸா?

முழுக்க கணினி வேலை, ஆனால் உள்ளே இருப்பது முழுக்க பில் நைய் என்ற நடிகர்.

தாடிக்குப் பதில் ஆக்டோபஸ் கைகள், ஒரு கை நண்டுக் கொடுக்கு, எப்போதும் ஈரம் சொட்டும் தோல். இதை ரப்பர் முகமூடி போட்டுச் செய்தால் நடிகரின் முகம் செத்துவிடும். அந்தக் காலத்தில் இம்மாதிரி கணினி உருவங்களுக்கு நடிகரைத் தனி அரங்கில் நிறுத்தி அசைவை மட்டும் பதிவு செய்து, பிறகு காட்சியில் ஒட்டுவது வழக்கம். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். சாம்பல் நிற உடையும் முகத்தில் புள்ளிகளுமாக பில் நையை நேராகப் படப்பிடிப்புத் தளத்திலேயே, மற்ற நடிகர்களுக்கு எதிரே நிறுத்தினார்கள். பிரதான கேமராவுக்குப் பக்கத்தில் வேறு கேமராக்களும் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தன. அந்தப் பதிவுகளை வைத்து அவர் உடம்பின் மேலேயே புது உடம்பைக் கட்டினார்கள்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. எதிரே நிற்கிறவர் நிஜக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பில் நையும் நிஜ வெளிச்சத்தில், நிஜக் கூட்டத்தில் நிற்கிறார். வாயைச் சப்புவது, தலையைச் சரித்து எதிராளியை அளப்பது, ஒரு சொல்லை இழுத்து விடுவது எல்லாம் அவருடையவை. சாகக் கிடக்கிற மாலுமியிடம் சாவுக்குப் பயமா என்று கேட்கிற காட்சியைப் பாருங்கள். கேட்பவன் முகத்தில் கொடூரத்தோடு ஒரு களைப்பும் இருக்கும். அந்தக் களைப்பை எந்தக் கணினியும் தானாகப் போடாது.

இந்த வேலைக்கு ஜான் நோல், ஹால் ஹிக்கல், சார்லஸ் கிப்சன், ஆலன் ஹால் நால்வருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இத்தனை ஆண்டு கழித்து எங்கள் பழைய புரொஜெக்டரில் போட்டாலும் ஜோன்ஸ் துளிகூடப் பழசாகத் தெரியவில்லை. படத்தின் மிகப் பெரிய பலம் எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இவனைத்தான் சொல்வேன்.

நரமாமிசம் தின்னும் தீவு கதைக்குத் தேவையா?

தேவையே இல்லை. படத்தின் மிகப் பெரிய பலவீனம் அதுதான்.

முதல் ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதியை அந்தத் தீவு தின்றுவிடுகிறது. ஜாக்கை ராஜாவாக்கி வறுத்துத் தின்னப் பார்க்கிறார்கள், மாலுமிகளை எலும்புக் கூண்டில் அடைத்துப் பள்ளத்தாக்கில் தொங்கவிடுகிறார்கள். கூண்டுகள் ஊசலாடி மலைச்சுவரைப் பிடிக்கிற காட்சி நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தப்பிப்பதைத் தவிர அங்கே யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை. தீவை மொத்தமாக வெட்டிவிட்டு ஜாக்கை நேராக மந்திரக்காரி டியா டால்மாவின் குடிசைக்கு அனுப்பினால் கதையில் ஒரு ஓட்டையும் விழாது. ஜோன்ஸ் வருவதற்குள் பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள்.

வீண் நீளத்தைவிட மோசமானது, அந்த மக்களைக் காட்டிய விதம். உடம்பு முழுக்கச் சாயம், புரியாத கூச்சல், மனிதக் கறி. படப்பிடிப்பு நடந்த டொமினிக்கா தீவில் கலினாகோ என்ற பூர்வகுடிகள் இன்றும் வாழ்கிறார்கள். காலனி ஆட்சிக்காரர்கள் அவர்களை மனிதரைத் தின்பவர்கள் என்று சொல்லியே ஒடுக்கினார்கள். மறுபடி அதே கதையைச் சொல்லாதீர்கள் என்று அவர்களுடைய தலைமை படப்பிடிப்புக்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்தது. காட்சி அப்படியேதான் வந்தது.

ஏற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி, சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண், "எங்க மலை ஆளுங்களையும் பழைய படத்துல இலையக் கட்டி ஆடவிட்டுத்தானேங்க காட்டுனாங்க" என்றாள். மண்டபத்தில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். எங்கேயோ கரீபியனில் நடந்த சங்கதி என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. நம் சினிமாவும் காட்டுவாசி என்றால் ஈட்டியும் கூச்சலும்தான் என்று எத்தனை முறை எடுத்திருக்கிறது! இந்தப் பகுதியைக் குழந்தைகளோடு பார்க்கிறவர்கள் நிறுத்திப் பேசிவிட்டுத் தொடருங்கள்.

ஜாக் ஸ்பாரோ இந்தப் படத்தில் சலிப்புத் தட்டுகிறதே?

பாதிதான் ஒத்துக்கொள்வேன். முதல் படத்தில் ஜாக் நேர்கோட்டில் போகிற கதைக்குள் குறுக்கே வந்து கலைக்கிறவன். ஜானி டெப்புக்கு அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததும் அடுத்த படத்தில் அவனை நடுவில் நிறுத்திவிட்டார்கள். முதுகில் கம்பைக் கட்டிக்கொண்டு ஓடுவது, மண் நிரப்பிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு பாடுவது என்று கோமாளித்தனம் நீள்கிறது.

ஆனால் எழுத்தாளர்கள் அவனுக்குக் கொடுத்த பயம் அருமையான யோசனை. தொப்பி கடலில் விழுகிறது. போன படத்தில் அந்தத் தொப்பிக்காக உயிரைக் கொடுப்பான். இதில் எடுக்கத் திரும்ப வேண்டாம், கரைக்கு ஓட்டு என்கிறான். கேப்டன் எதையோ கண்டு அஞ்சுகிறான் என்று கப்பலில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ஒரு வசனத்தில் விளக்கியிருந்தால் இவ்வளவு உறைக்காது.

அவனுடைய திசைகாட்டியும் அப்படித்தான். வைத்திருப்பவர் மனசு எதை நாடுகிறதோ அந்தத் திசையைக் காட்டும். ஜாக் கையில் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் எல்லோரையும் விட்டுவிட்டுப் படகில் தனியாக ஓடுகிறவன், திசைகாட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஜானி டெப் அந்த இடத்தில் ஒரு சேட்டையும் செய்வதில்லை.

எலிசபெத் செய்தது துரோகம் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கிராக்கனுக்கு வேண்டியது ஜாக் மட்டும்தான் என்று புரிந்ததும் அவனை முத்தமிட்டபடியே கொடிமரத்தோடு விலங்கிட்டுவிட்டு, மற்றவர்களோடு படகில் ஏறிவிடுகிறாள். அவன் திரும்பி வந்து எல்லோரையும் காப்பாற்றிய சற்று நேரத்தில்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில் என்ன நடக்கிறது? மனைவியைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான் புருஷன். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றி வந்து பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்த கட்டம் அது. அன்பைக் காட்டும் சடங்கே ஆயுதம் ஆகிறது. எலிசபெத்தின் முத்தமும் அதே வகை.

வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த மலையுச்சியில் அமுதவல்லி தள்ளியது தன்னைக் கொல்ல வந்தவனை. அவளுக்கு நியாயம் நூற்றுக்கு நூறு. எலிசபெத் பலி கொடுத்தது காப்பாற்ற வந்தவனை. அவள் தன் கணக்கைப் போட்டாள், கணக்கு சரியாகவும் வந்தது, ஆனாலும் அது பாவம்தான் என்று அவளுக்குத் தெரியும். படகில் உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தில் அது தெரிகிறது. முத்தத்தைப் பார்த்துவிட்ட வில், காரணத்தைத் தவறாக எடுத்துக்கொள்கிறான். நாயகியை இப்படிக் கறைபடுத்தத் துணிந்ததை இந்தப் படத்தின் பலமாகவே பார்க்கிறேன். கெய்ரா நைட்லிக்கு முதல் படத்தில் இவ்வளவு கனமான வேலை இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி கரீபியனில் என்ன செய்கிறது? வரலாறு சரியா?

சரியில்லை. 1600இல் கிடைத்த பட்டயப்படி அதன் தனியுரிமை நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே, அதாவது நம் பக்கம். படத்தில் கொஞ்சம் பெயர் மாற்றி மேற்கே கொண்டுபோய்விட்டார்கள்.

ஆனாலும் வில்லன் கையில் வாளைக் கொடுக்காமல் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தது நல்ல முடிவு. பெக்கெட்டாக வரும் டாம் ஹாலண்டர் குரலை உயர்த்துவதே இல்லை. பெக்கெட்டின் அறைச் சுவரில் பெரிய உலகப்படம் ஒன்றை வரைந்துகொண்டே இருக்கிறார்கள். வரைபடத்தின் வெற்று ஓரங்கள் நிரம்பிவருகின்றன என்கிறான். கொள்ளையருக்கு ஒளிய இடமில்லை என்று அர்த்தம்.

நமக்கு அந்தச் சுவர் படம் வேறு மாதிரி படும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், வரி போட்டார்கள். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் சேர்வராயன் மலையில் காபி ஏறியது. நம் ஊரும் அப்படியொரு வரைபடத்தின் ஓரமாக இருந்து நிரப்பப்பட்டதுதான். படத்தின் குறை இங்கேதான். கம்பெனி கொள்ளையரை விரட்டுவதைக் காட்டுகிறார்களே தவிர, கம்பெனி ஆண்ட மக்களில் ஒருவரைக்கூடக் காட்டவில்லை.

கொள்ளையரும் கம்பெனியும் மோதிய நிஜக் கதை நம் கடலிலேயே உண்டு. 1695இல் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன், மெக்காவிலிருந்து திரும்பிய ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைச் சூறையாடினான். அதற்குப் பதிலடியாக சூரத்தில் இருந்த கம்பெனி ஆட்களை முகலாய அதிகாரிகள் சிறைவைத்தார்கள். அதைப் படமாக எடுத்தால் நான் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.

அப்பா-மகன் பகுதி மனசைத் தொடவில்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட் நடித்த பூட்ஸ்ட்ராப் பில், ஜோன்ஸின் கப்பலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் ஜந்துவாக மாறிக்கொண்டிருக்கிறான். மகன் அதே கப்பலில் வந்து மாட்டுகிறான். மகனைச் சவுக்கால் அடிக்கும் வேலை அப்பன் கைக்கே வருகிறது. அடிக்கிறான். தான் அடிக்காவிட்டால் கப்பலில் இன்னொருவன் சதை பிய்யப் பிய்ய அடிப்பான் என்று பிறகு சொல்கிறான்.

பகடை ஆட்டமும் அப்படித்தான். கிண்ணத்துக்குள் பகடையை மறைத்து, தன்னிடம் இன்னது இருக்கிறது என்று பொய்யோ மெய்யோ சொல்ல வேண்டும். வில் தன் ஆயுளையே பணயம் வைக்கிறான். அவன் தோற்கப்போகிறான் என்று தெரிந்ததும் அப்பன் நடுவில் புகுந்து, வேண்டுமென்றே பெரிய பொய் சொல்லித் தோற்கிறான். வில்லுக்கு ஜெயிப்பது நோக்கமே இல்லை, சாவியை ஜோன்ஸ் எங்கே வைத்திருக்கிறான் என்று பார்ப்பதுதான் நோக்கம். மேஜையைச் சுற்றி மூவர், மூவருக்கும் மூன்று நோக்கம், செலவில்லாத காட்சி. கிராக்கன் கப்பலைப் பிளக்கிற இடங்களைவிட இங்கேதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கிராக்கன் முதல் தடவை மிரட்டுகிறது, மறுபடி மறுபடி வரும்போது பழகிவிடுகிறது.

பாதியில் முடிக்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா?

வாராவாரம் 'தொடரும்' போட்ட தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பாதியில் நிறுத்துவது நமக்குக் குற்றமில்லை. பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்று 2015 முதல் 2017 வரை ஊரே காத்திருந்தது.

ஆனால் நிறுத்துகிற பாகத்துக்கும் ஒரு நிறைவு வேண்டும். இங்கே ஜாக்கின் கதைக்கு அது கிடைக்கிறது. ஓடியவன் திரும்பி வந்தான், கடைசியில் வாளோடு மிருகத்தின் வாய்க்கு நேராகப் போனான். வில்லுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அந்தரத்தில் நிற்கிறது. பெக்கெட் கைக்கு இதயம் போய்ச் சேர்வதும் அடுத்த படத்துக்கான ஏற்பாடாகவே இருக்கிறது. முதல் பாகத்தில் செத்துப்போன வில்லன் பார்போசா ஆப்பிளைக் கடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கும் அந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் எங்கள் மண்டபத்தில் விசில் பறந்தது. செத்தவனைக் கொண்டுவருவது மலிவான உத்திதான். ஜெஃப்ரி ரஷ் முகத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

இசை?

ஹான்ஸ் சிம்மர். ஜோன்ஸுக்கான மெட்டு ஒரு சின்ன இசைப்பெட்டியில் மெல்லத் தொடங்கி, அவன் தாடிக் கைகளாலேயே வாசிக்கிற பெரிய ஆர்கனுக்குப் போகிறது. காதலும் ஆத்திரமும் ஒரே மெட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

எம்.ஜி.ஆரின் கடற்கொள்ளையர் படத்தோடு ஒப்பிடலாமா?

1965இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' பற்றிப் பெரியவர்கள் தவறாமல் கேட்பார்கள். வைத்தியர் அடிமையாகி, அடிமை கொள்ளையனாகிறான். எந்தக் கட்டத்திலும் மணிமாறனுக்கு என்ன வேண்டும் என்ற சந்தேகமே வராது. விடுதலை, தன் ஆட்களுக்கும் சேர்த்து. அந்தத் தெளிவு இந்தப் படத்துக்கும் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. மணிமாறன் பொய் சொல்லி நண்பனை அடகு வைக்கமாட்டான், ஜாக் வில்லை அடகு வைக்கிறான். அப்படிப்பட்டவனையும் நாம் விரும்புகிறோம் என்பது ஜானி டெப்பின் சாதனை.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? ஆங்கிலம் புரியுமா?

12 வயதுக்கு மேல் என்றால் வரலாம். ஆரம்பத்திலேயே கூண்டில் கிடக்கிற கைதியின் கண்ணைக் காக்கை கொத்துகிறது. சவுக்கடிக் காட்சியும் சின்னப் பிள்ளைகளுக்குக் கடினம்.

சண்டைக்கு மொழி வேண்டாம். பெக்கெட்டின் அறை, டியா டால்மாவின் குடிசை, பகடை ஆட்டம் மூன்றிலும் பேச்சுதான் கதை. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஒருவர் இருந்தால் போதும். ஜாக் வார்த்தைகளை மென்று பேசுவான், அவன் பேசுவதில் பாதி எதிராளியைக் குழப்பத்தான். அது முழுசாகப் புரியாவிட்டால் கவலை வேண்டாம்.

மூன்றாம் பாகமும் போடுவீர்களா?

கட்டாயம். அது 2007 மே மாதம் வந்தது, இன்னும் நீளம். எலிசபெத்தின் குற்றவுணர்ச்சி, வில் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, ஜோன்ஸின் பழைய காதல் மூன்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. 2011, 2017இல் வந்த படங்களில் வெர்பின்ஸ்கி இல்லை. அவற்றை இப்போதைக்குப் போடும் எண்ணமும் இல்லை. இரண்டாம் பாகம் போட்ட அடுத்த மாதமே மூன்றாவதைப் போடுகிறோம். இடைவெளி விட்டால் சாவி யாரிடம், இதயம் யாரிடம் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.